ஏழாவது ஆளின் தூக்கம்

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஆறு பேர் வேலை பார்த்தோம். ஆறு பேருக்கும் சேர்த்துத் தங்கப்பழம் அண்ணாச்சி தூங்கினார்.

நாலு வருடமாக இதுதான் ஏற்பாடு. மூன்று வண்டி, வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவரைப் பைலட் என்போம். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து போகிறவர் டெக்னீஷியன். நான் டெக்னீஷியன், பெயர் செண்பகவல்லி. பன்னிரண்டு பேர் இருக்கவேண்டிய இடம் என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் எதுதான் இல்லை. ஆள் போடுங்கள் என்று கேட்டபோது தலைமை அலுவலகம் ஒரு நிபுணரை அனுப்பியது. அவர் ஒரு வாரம் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு, இங்கே ஆள் பற்றாக்குறை இல்லை, ஆளுக்கு ஏழு மணி நேரம் தூக்கத்தில் போகிறது, அதுதான் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு பேரும் தனித்தனியாகத் தூங்குவதற்குப் பதில் ஒருவரே தூங்கிவிட்டால் ஆறு பேரும் முழு நேரமும் வேலை பார்க்கலாம். தூங்குநர் என்ற பதவி அப்படித்தான் வந்தது.

அண்ணாச்சி அதற்கு முன் பைலட்டாக இருந்தவர். முதுகுத்தண்டு தேய்ந்துபோய் இலகுவான வேலை கேட்டிருந்தார். ரயில்வே கேட் மூடிக் கிடக்கிற மூன்று நிமிடத்தில் ஸ்டீயரிங்கில் தலை வைத்துக் குறட்டை விட்டு எழுந்து, கேட் திறந்ததும் முதல் ஆளாக வண்டியை எடுக்கிற மனிதர். அவரைவிடத் தகுதியான ஆள் மாவட்டத்திலேயே கிடையாது. எங்களைவிடக் குறைவான சம்பளம்தான் போட்டார்கள். படுத்துக்கொண்டே பார்க்கிற வேலை என்று காரணம் சொன்னார்கள். சரி, நின்றுகொண்டே பார்க்கிற எங்களுக்காவது கூட்டிக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ‘பெற்ற தூக்கம்: 210 மணி’ என்று ஒரு வரி சேர்ந்தது.

கணக்கு சுலபம். ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழு மணி நேரம், மொத்தம் நாற்பத்திரண்டு. ஒரு நாளில் இருப்பதோ இருபத்து நாலு. அதனால் குறட்டை விட்டுத் தூங்கினால் ஒரு மணி நேரத்தை இரண்டாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி செய்தார்கள். அண்ணாச்சி இருபத்தோரு மணி நேரம் குறட்டை விட்டால் எங்கள் ஆறு பேர் தூக்கமும் முடிந்துவிடும். மீதி மூன்று மணி நேரம், காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை, அவருடையது. டியூட்டி அட்டவணையில் அதை ‘விழிப்பு’ என்று போட்டிருந்தார்கள்.

அவர் படுத்திருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறை. மணிக்கு ஒரு தடவை யாராவது எட்டிப் பார்த்து, ‘குறட்டை: உண்டு’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அங்கே அவர் புரண்டு படுத்தால் இங்கே வண்டியில் எங்கள் கன்னத்தில் தலையணைத் தடம் விழும். அவருக்கு வருகிற கனவும் எங்களுக்குத்தான் வரும், ஆனால் யாருக்கு எது என்று பிரித்து வராது. நான் ஒரு நாள் ஒரு ஆளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் பைலட்டுக்கு வரவேண்டிய கனவு எனக்கு வந்துவிட்டது. அதில் அவருடைய மாமனார் ஆட்டுக்குட்டிக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைச் சரியாகத்தான் போட்டேன்.

எங்களுக்கு உடம்பில் களைப்பு கிடையாது. ஆனால் வீட்டு முகம் பார்க்க நேரமும் கிடையாது. முறை வைத்து ஓடிப்போய்க் குளித்துவிட்டு, வாயில் நாலு கவளத்தைப் போட்டுக்கொண்டு ஓடி வருவோம். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஏழாவதாக ஒரே ஒரு ஆள் கொடுங்கள், சுழற்சியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போய்வருவோம் என்று மூன்று வருடம் மனு எழுதினேன். நாற்பத்தோரு மனு. மேனேஜர் ஹென்றி சார் என்னைப் பார்த்தாலே மேசை டிராயரை மூடுவார். கடைசியில் அந்த ஆனி மாதம் உத்தரவு வந்தது. இசக்கியப்பன் என்று ஒருவர், டெக்னீஷியன், திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு வந்து சேருவார்.

அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி விழித்திருந்தார். நானும் அவரும் வாசலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பொன்ராணி வெள்ளிக்கிழமை கெளம்புதா, செண்பகம். பன்னெண்டு இருவதுக்கு வண்டி. நல்லவேள பாத்துக்க, என் நேரத்துக்குள்ள வருது” என்றார்.

பொன்ராணி அவருடைய ஒரே மகள். நாக்பூரில் வேலை கிடைத்திருந்தது. போனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. நாலு வருடமாக அவள் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் இருக்கிற நேரத்தில்தான் இவர் விழித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் இங்கே வருவாள். மூன்று மணி நேரம் அப்பாவும் மகளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

“ரயில் கெளம்பினா நான் கூடவே நடப்பேன், பிளாட்பாரம் முடியறவரைக்கும். முதுகு கெடக்கு, போவுது. வெளுத்த சட்டை ஒண்ணு எடுத்தாரச் சொல்லியிருக்கேன்” என்றார்.

நான் புது ஆள் வருகிற விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார். “ஒன் கால் தேஞ்சதுக்குப் பலன் கெடைச்சிட்டு” என்றார். ஒரு மணிக்குக் கை கழுவிவிட்டு, வெள்ளிக்கிழமை நினைப்போடு போய்ப் படுத்தார்.

ஓடுகிற வண்டியில் சிலிண்டரைப் பார்த்து, இத்தனை லிட்டர் வைத்தால் இத்தனை நிமிடம் வரும், பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும் என்று மனக்கணக்குப் போடுகிறவள் நான். அந்த ஒரு பெருக்கலை மட்டும் போடவில்லை.

இசக்கியப்பனுக்கு முப்பத்தைந்து வயது. மூடிப்போன தீப்பெட்டித் தொழிற்சாலையில் முதலுதவி அறையில் இருந்தவர், இரண்டு பிள்ளைகள். வந்ததும் படிவங்களை நிரப்பினார். கடைசிப் படிவம் தூக்கத்தை ஒப்படைக்கிற படிவம். அண்ணாச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டிரெச்சரைப் போட்டு அதில் படுக்கச் சொன்னோம். கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான், தூக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி லேசாக நகர்ந்து இடம் விட்டுப் படுத்தார். ஹென்றி சார் கால்குலேட்டரை எடுத்தார்.

ஏழு பேருக்கு ஏழு மணி நேரம், நாற்பத்தொன்பது. குறட்டையில் பாதியாக்கினால் இருபத்து நாலரை. நாளில் அரை மணி நேரம் குறைகிறது, குறட்டைக் கணக்கில் அது ஒரு மணி நேரத் தூக்கம். அந்தப் பற்றாக்குறையை ஆளுக்கு எட்டரை நிமிடக் கொட்டாவியாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார் ஹென்றி சார். அதுவரைக்கும் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அண்ணாச்சியோட மூணு மணி நேரம்?” என்றேன்.

“அதான் போட்டாச்சேம்மா. உங்க ஏழாவது ஆளுக்கு.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மூன்று வருடம் விடாமல் ஊதியிருக்கிறேன். அறைக்குள் அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. புதன்கிழமையும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சுயம்புக்கனி மதினி வந்து கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார், அண்ணாச்சி தூக்கத்திலேயே விழுங்கினார். மதினி வெளுத்த சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

நான் விடுவதாக இல்லை. முதலில், என் தூக்கத்தை நானே தூங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் என் ஏழு மணி நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அவருக்குப் பழைய மூன்று மணி நேரம் கிடைத்துவிடும். ஆனால் தூக்கம் அப்படி வருகிற சாமான் இல்லை. ரொம்ப நாள் கம்மல் போடாத காதில் துளை தூர்ந்துபோகிற மாதிரி எனக்குத் தூங்குகிற வழி அடைத்துப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தேன். கண்ணை மூடிய விழிப்பு என்று ஹென்றி சார் எழுதினார்.

பிறகு இசக்கியப்பன் வந்தார். “அக்கா, நான் ராஜினாமா குடுத்துருதேன். செட்டில்மெண்டுல என் தூக்கத்தத் திருப்பித் தந்துருவாங்கல்லா” என்றார். நல்ல மனுஷன், மெய்யாகவே சொன்னார். பிள்ளைகளுக்கு அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துப் பை வாங்கியிருந்தார். வாயை மூடிக்கொண்டு போய் வண்டியைத் துடையுங்கள் என்றேன்.

கடைசியாக, அண்ணாச்சியைத் தட்டி எழுப்பிவிடலாம் என்றேன். ஹென்றி சார் கோபப்படவில்லை. மறுபடி கால்குலேட்டரை எடுத்தார். மூன்று மணி நேரக் குறட்டை நின்றால் ஆறு மணி நேரத் தூக்கம் குறையும், ஏழு பேருக்கும் ஆளுக்கு ஐம்பத்தோரு நிமிடம் ஒரே சமயத்தில் வந்து விழும், ஓட்டிக்கொண்டிருக்கிற பைலட்டுக்கும் சேர்த்துத்தான் என்றார்.

“வண்டிகளை நிறுத்திட்டு ஐம்பத்தோரு நிமிஷம் தூங்கிட்டுப் போறோம் சார்.”

“அந்த ஐம்பத்தோரு நிமிஷத்துல இந்த ஊர்ல யாருக்கும் நெஞ்சு வலிக்காதுன்னு எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

நான் எழுதிக் கொடுக்கவில்லை. யார்தான் எழுதிக் கொடுப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் டியூட்டி அட்டவணையைப் பார்த்தபடி நின்றேன். மாதக் கடைசி வரைக்கும் முன்பே அச்சடித்து ஒட்டியிருந்தது. தங்கப்பழம், வெள்ளி, பத்திலிருந்து ஒன்று வரை, விழிப்பு. அதன் மேல் ஹென்றி சார் திங்கட்கிழமை பேனாவால் உறக்கம் என்றும் எழுதியிருந்தார். விழிப்பை அடிக்கவில்லை. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு டியூட்டி. எங்கள் நிலையத்தில் இது தினசரி நடக்கிற சங்கதி, அதற்கு மருந்தும் உண்டு. டியூட்டி மாற்று நோட்டில் இன்னாருக்குப் பதில் இன்னார் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். போகிறவர் யாருக்குப் பதிலாகப் போகிறாரோ அவராகவே போகிறார். எத்தனையோ பேருக்குப் பதிலாக நான் போயிருக்கிறேன். அவர் எங்களுக்காகத் தூங்கலாம் என்றால் நான் அவருக்காக ஏன் விழித்திருக்கக் கூடாது?

நோட்டை எடுத்து எழுதினேன். ‘விழிப்பு, மூன்று மணி நேரம். தங்கப்பழத்துக்குப் பதில் செண்பகவல்லி.’ மயங்கிக் கிடக்கிற நோயாளிகளிடம் ரேகை வாங்குகிற மை அட்டை வண்டியில் இருந்தது. அண்ணாச்சியின் இடது கைப் பெருவிரலை உருட்டி ரேகை வாங்கினேன். ஹென்றி சார் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “தப்புன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்று சீல் வைத்தார். என் வண்டியில் என் இடத்தில் இசக்கியப்பன் ஏறிக்கொண்டார். அவர் வந்ததால்தான் நான் போகவேண்டி வந்தது, அவர் வந்ததால்தான் போகவும் முடிந்தது. அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆணியில் இருந்த வெளுத்த சட்டையை எடுத்து யூனிபாரத்தின் மேல் போட்டுக்கொண்டேன். கை நீளம், இரண்டு மடிப்பு மடித்துவிட்டேன். போகும்போது அறைக்குள் எட்டிப் பார்த்து, குறட்டை உண்டு என்று எழுதிவிட்டுத்தான் போனேன்.

ரயில் நிலையத்தில் மதினியும் பொன்ராணியும் பெட்டி படுக்கையோடு நின்றார்கள். மதினி என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இந்தாருங்க, இம்புட்டு நேரமா வாரதுக்கு? போயி ரெண்டு தண்ணி பாட்டில் வாங்கியாங்க” என்றார்.

வாங்கி வந்தேன். பொன்ராணி பாட்டிலை வாங்கிப் பைக்குள் திணித்தாள். “அப்பா, சட்டைல பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க” என்று சொல்லிக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். எனக்குப் பத்து வயதில் ஒரு மகன் மட்டும்தான். மகள் பொத்தான் போட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் தெரியாது.

டியூட்டி என்று வந்துவிட்டால் ஒழுங்காகப் பார்க்கவேண்டும். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யார் என்று ரயில் வந்ததும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். நாக்பூர் வெயில், ஹாஸ்டல் சாப்பாடு, இந்தி என்று அண்ணாச்சி வேப்பமரத்தடியில் எதற்கெல்லாம் சண்டை போடுவாரோ அதற்கெல்லாம் போட்டேன். “ஏட்டி, ராத்திரி வாசப்பக்கம் படுக்காத” என்று என் வாயில் வந்தது. நான் என் வாழ்நாளில் யாரையும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

“சரிப்பா. நீங்க முதுகப் பாத்துக்கிடுங்க” என்றாள்.

பன்னிரண்டு இருபதுக்கு ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பிளாட்பாரம் முடிகிறவரைக்கும் என்று சொல்லியிருந்தார் அல்லவா, அதனால் முடிகிறவரைக்கும் நடந்தேன். எனக்கு இல்லாத முதுகுவலி பாதியில் வந்தது. கடைசியில் சரிவு இருக்கிற இடத்தில் நின்று கையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒன்றரை நிமிடத்துக்குக் கொட்டாவியாக வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது கொட்டாவியால் என்று சொல்லமாட்டேன். அழுதேன். மனசு விட்டு அழுதேன். மதினி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துவிட்டு என் கண்ணையும் துடைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு நிலையத்துக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இசக்கியப்பன் நோட்டோடு நின்றார்.

“அக்கா, பன்னெண்டு இருவதுக்குக் கொறட்ட நின்னுட்டு. பத்து நிமிஷம். தூங்கத்தான் செஞ்சாரு, ஆனா சத்தமே இல்ல. குதிங்கால் ரெண்டும் பெட்ஷீட்ட மாறி மாறித் தேச்சிட்டே கெடந்துது. அப்படி எழுதிட்டேன், சரிதானா?”

சரிதான் என்றேன். பெட்ஷீட் கால்மாட்டில் கிழிந்திருந்தது. வேறு மாற்றிப் போட்டோம்.

சாயங்காலம் என் முறைக்கு வீட்டுக்குப் போனேன். புது ஆள் வந்ததால் முதல் தடவையாக இரண்டு மணி நேரம் முழுதாகக் கிடைத்தது. வீட்டுக்காரர் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். மகளை ரயிலேற்றிவிட்டு வருகிறேன் என்றேன்.

“ஜன்னல் சீட்டு கெடைச்சிதா?”

“கெடைச்சிது.”

“போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொன்னியா?”

சொன்னேன் என்றேன். அவர் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. எனக்குத்தான் வந்தது. நான் நிலையத்தில் குறட்டை நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, வந்து சேந்துட்டேன்” என்றாள் பொன்ராணி.

என் டியூட்டி வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அப்பாவாகப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் போனை எடுத்துப்போய் அண்ணாச்சியின் காதில் வைத்தேன். “அப்பா?” என்று மறுபடி கேட்டாள். குறட்டை நின்றது. அண்ணாச்சியின் உதடு அசைந்தது. தூக்கம் எங்களுடையது என்பதால் சத்தம் அவரிடமிருந்து வரவில்லை, என் வாயிலிருந்து வந்தது.

“ஏட்டி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்பா. இங்க அவல்ல உப்புமா மாதிரி ஒண்ணு போட்டாங்க” என்றாள்.

அதே நிமிடத்தில் இசக்கியப்பன் என் வண்டியில் எண்பது வயது அம்மா ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் பார்க்கக் குனிந்தவர், “ஏட்டி, சாப்ட்டியா?” என்று கேட்டிருக்கிறார். முன்னால் பைலட்டும் கேட்டிருக்கிறார். மற்ற இரண்டு வண்டிகளில் இருந்த நாலு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த அம்மா கண்ணைத் திறந்து, “இன்னும் இல்லய்யா” என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்னபிறகு, இசக்கியப்பன் வாசல் கடையில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.